குட்டிக்கு வெட்கம் தெரியாது

பெண் பார்க்க வந்தவர்கள் சோபாவில் அமர்ந்தாகிவிட்டது. கேசரியும் பஜ்ஜியும் வந்துவிட்டன. பெண்ணின் அப்பா, வரப்போகும் சம்பந்தியிடம் ரிடையர் ஆன பிறகு என்ன உத்தேசம் என்று விசாரித்துக்கொண்டிருக்கிறார். அந்த நேரம் பார்த்து, தாழ்ப்பாள் சரியாக விழாத படுக்கையறைக் கதவைத் தள்ளிக்கொண்டு ஏழு மாதக் குட்டி ஹாலுக்குள் ஓடி வருகிறது. சம்பந்தியின் காலை முன்னங்கால்களால் இறுகக் கட்டிக்கொள்கிறது. பிறகு அது செய்யும் காரியத்தைப் பார்க்க யாருக்கும் விருப்பமில்லை. பார்க்காமல் இருக்கவும் யாராலும் முடியவில்லை. சின்னப் பையன் சிரிக்கிறான். பாட்டி ‘சிவ சிவா’ என்கிறார். அப்பா கத்துகிறார். ஒரே நொடியில் இத்தனை பேரின் கவனமும் கிடைத்துவிட்டதில் குட்டிக்கு உற்சாகம் இரட்டிப்பாகிறது.

நாய்க்குட்டி இருக்கும் வீட்டில் இதன் ஏதாவது ஒரு வடிவம் நடந்தே தீரும். விருந்தாளியின் மடியில் மூக்கை நுழைப்பது, மாமியார் ஆசையாகக் குனிந்ததும் அவர் காலடியிலேயே ஒன்றுக்குப் போவது, குளியலறைக் கூடையிலிருந்து உள்ளாடையைக் கவ்வி வந்து ஹாலில் கடை பரப்புவது, தன் மலத்தைத் தானே தின்றுவிட்டு வந்து முகத்தை நக்குவது என்று பட்டியல் நீளமானது. ஆனால் குட்டி வாங்கும் ஆசையை வளர்க்கும் படங்களில் இதெல்லாம் வருவதில்லை. 1994-ல் ‘ஹம் ஆப்கே ஹைன் கௌன்’ படத்தில் கடிதத்தைக் கொண்டுபோய்க் கொடுத்துக் கல்யாணத்தையே மாற்றிய டஃபியைப் பார்த்து வெள்ளை ஸ்பிட்ஸுக்கு ஆசைப்பட்டவர்கள் உண்டு. 2003-ல் ஹட்ச் விளம்பரத்தில் சிறுவனின் பின்னாலேயே நடந்த பக் நாயைப் பார்த்துக் கடை கடையாகத் தேடியவர்களும் உண்டு. இருவருக்கும் வீட்டில் காத்திருந்தது ஒரு நிஜ நாய்.

குட்டி கடித்தால் டாக்டரிடம் போகிறார்கள். வாந்தி எடுத்தால் போகிறார்கள். இந்த விஷயங்களுக்கு மட்டும் போவதில்லை. கேட்க வாய் கூசுகிறது. எனவே வைத்தியம் வீட்டிலேயே நடக்கிறது. சுருட்டிய பேப்பரால் ஒரு அடி, செருப்பால் ஒரு அடி, மூக்கைப் பிடித்துச் சிறுநீரில் தேய்ப்பது, கடைசியில் பால்கனியில் சங்கிலி. அதுவும் சரிப்படாவிட்டால் ‘ஒரு பண்ணை வீட்டில் கொடுத்துவிட்டோம்’ என்கிறார்கள். நகரங்களில் அந்த வாக்கியத்துக்குப் பல அர்த்தங்கள் உண்டு. மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி நாயை அடிப்பதும், தகுந்த காரணமில்லாமல் கைவிடுவதும் குற்றம். 1960-ல் வந்த அந்தச் சட்டம் முதல் குற்றத்துக்கு வைத்த அபராதம் 10 முதல் 50 ரூபாய். குட்டியின் கழுத்துப் பட்டைகூட அந்த விலைக்கு வராது.

காலைக் கட்டிக்கொண்டு ஏறுவதை முதலில் எடுத்துக்கொள்ளலாம், ஏனென்றால் அதிகம் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவது அதுதான். பார்க்கிறவர்களுக்கு அது ஒரே ஒரு விஷயத்தைத்தான் நினைவூட்டுகிறது. ஆனால் பருவம் எட்டாத, சில வாரமே ஆன குட்டிகள்கூட ஒன்றன்மேல் ஒன்று ஏறி விளையாடும். பெண் குட்டிகளும் ஏறும். கருத்தடை செய்த நாய்களும் ஏறும். தலையணை, நாற்காலிக் கால், குழந்தையின் கரடி பொம்மை எதுவும் தப்பாது. பெரும்பாலான நேரங்களில் இதற்குக் காரணம் காமம் அல்ல, கொள்ளளவை மீறிய கிளர்ச்சி. புதிய ஆட்கள், புதிய வாசனைகள், ஒரே சமயத்தில் ஆறு குரல்கள், வாணலியிலிருந்து வரும் பஜ்ஜி மணம். இத்தனையையும் என்ன செய்வதென்று தெரியாத குட்டிக்கு உடம்பு அறிந்த ஒரு வடிகால் இது. சில குட்டிகள் வாலைத் துரத்தும், சில அறைக்குள் சுற்றிச் சுற்றி ஓடும், சில காலைக் கட்டும். பயமும் பதற்றமும்கூட இதே வடிவத்தில் வெளிப்படலாம்.

‘அது உங்களை அடக்கப் பார்க்கிறது, நீங்கள்தான் தலைவன் என்று காட்டுங்கள்’ என்று இன்னமும் உபதேசம் செய்யும் பயிற்சியாளர்கள் இருக்கிறார்கள். இந்தத் தலைவன் கதைக்கு ஒரு வரலாறு உண்டு. 1947-ல் ருடால்ஃப் ஷென்கல் என்ற சுவிஸ் ஆய்வாளர், பேசல் மிருகக்காட்சி சாலையில் அடைபட்டிருந்த ஓநாய்களின் சண்டைகளைக் கவனித்து ஒரு கட்டுரை எழுதினார். அதையொட்டி ‘ஆல்ஃபா’ ஓநாய் பிரபலமாயிற்று. அமெரிக்க ஆய்வாளர் டேவிட் மெக் 1970-ல் வெளியிட்ட ஓநாய் பற்றிய புத்தகம் அதை இன்னும் பரப்பியது. ஆனால் அதே மெக், காட்டில் ஓநாய்களைப் பல வருடம் பின்தொடர்ந்த பிறகு, 1999-ல் அந்தச் சொல்லே பொருந்தாது என்று எழுதினார். சுதந்திரமாகத் திரியும் ஓநாய்க் கூட்டம் என்பது பெரும்பாலும் ஒரு அப்பா, ஒரு அம்மா, அவற்றின் பிள்ளைகள். பதவிப் போட்டி அல்ல, குடும்பம். ஓநாய்க்கே இல்லாத அரசியலை ஸ்பிட்ஸ் குட்டியின்மேல் ஏற்றி, அதைத் தரையில் மல்லாத்தி அழுத்திப் பிடிப்பதால் அது கற்றுக்கொள்வது ஒன்றுதான்: மனிதக் கையைப் பார்த்தால் பல்லைக் காட்ட வேண்டும்.

சரி, என்ன செய்வது? முதலில் செய்யக்கூடாதவை இரண்டு. சிரிக்கக்கூடாது. கத்தக்கூடாது. குட்டியின் கணக்கில் இரண்டும் வெகுமதியே. கையால் தள்ளிவிடுவதும் உதவாது. அதை மல்யுத்த அழைப்பாக எடுத்துக்கொண்டு இன்னும் வேகமாகத் திரும்பி வரும். காலை விடுவித்துக்கொண்டு, முகத்தைத் திருப்பி, பேசாமல் அறையைவிட்டு வெளியேறுவதே அதற்குப் புரியும் மொழி. விருந்தாளியை எழுந்து போகச் சொல்ல முடியாது என்பதால் அந்தச் சமயத்தில் குட்டியைத்தான் அழைத்துப் போக வேண்டும். வீட்டில் ஆள் வரும்போது அதன் கழுத்துப் பட்டையில் மெல்லிய கயிறு ஒன்று மாட்டியிருந்தால் இது சுலபம். திட்டாமல், இழுத்தடிக்காமல் அடுத்த அறைக்குக் கூட்டிப்போய், கடிக்க ஏதாவது கொடுத்து ஓரிரு நிமிடம் விட்டால் போதும். அங்கேயே இரண்டு மணி நேரம் பூட்டிவைத்தால் குட்டி பாடத்தை மறந்துவிடும். பூட்டியது மட்டும்தான் நினைவிருக்கும்.

இதைவிட முக்கியம் முன்கூட்டியே கவனிப்பது. ஏறுவதற்கு முன் குட்டிகள் அறிவிப்புக் கொடுக்கும். மூச்சிரைக்கும், துள்ளும், காலைச் சுற்றும், முழங்காலை நக்கும். அந்தக் கட்டத்தில் ‘உட்கார்’ என்று சொல்லி, உட்கார்ந்ததும் ஒரு துண்டுப் பொறை பிஸ்கட் கொடுத்தால் வேலை முடிந்தது. உட்கார்ந்திருக்கும் நாயால் ஏற முடியாது. ஆனால் அந்த ‘உட்கார்’ விருந்தாளி வராத நாட்களில், தினமும் சில நிமிடங்கள் பழக்கியதாக இருக்க வேண்டும். பெண் பார்க்க வரும் அன்று காலையில் ஆரம்பித்தால் பலிக்காது. ஆட்கள் வருவதற்கு ஒரு மணி நேரம் முன்பு நல்ல நடை கூட்டிப்போய் வருவதும் உதவும். அது தன் பாட்டுக்கு மூலையில் கிடக்கும் பழைய தலையணையோடு மட்டும் போராடுகிறதென்றால், அதற்காக ஒரு போர் தேவையில்லை. அந்தத் தலையணையை அதற்கே விட்டுவிடலாம். குழந்தைகள்மேல் ஏறுவது மட்டும் வேறு விஷயம். நான்கு வயதுக் குழந்தையைக் கீழே தள்ளி நகத்தால் கீறிவிடும். பெரியவர்கள் பக்கத்தில் இல்லாமல் இரண்டையும் சேர்த்து விடக்கூடாது.

நம் வீடுகளில் உண்மையான தடங்கல் குட்டியிடம் இல்லை. ஒரு வீட்டில் ஐந்து பேர், ஐந்து சட்டம். அம்மா முகத்தைத் திருப்புகிறார், மாமா ‘ஆம்பளை சிங்கம்டா’ என்று தட்டிக்கொடுக்கிறார், பையன் மொபைலில் படம் எடுக்கிறான். வாரத்தில் ஆறு நாள் பலிக்காத வித்தை ஏழாம் நாள் பலித்தால் குட்டி அதை விடாது. லாட்டரிச் சீட்டு வாங்குகிறவர்களை விடாமல் பிடித்து வைப்பதும் இதே கணக்குத்தான்.

கருத்தடை அறுவை செய்தால் நின்றுவிடுமா என்பது அடுத்த கேள்வி. ஆண் நாய்களில் பலவற்றுக்குக் கணிசமாகக் குறையும். ஆனால் கிளர்ச்சியால் வரும் பழக்கம் அறுவையால் மட்டும் போகாது. பழகி ஊறிய நாய் தொடரவும் செய்யும். எந்த வயதில் செய்வது என்பதும் இனத்தைப் பொறுத்தது. கலிஃபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகத்தில் பெஞ்சமின் ஹார்ட் குழுவினர் 2020-ல் 35 இனங்களை ஆராய்ந்து, சில பெரிய இனங்களில் மிகச் சிறு வயதில் செய்தால் மூட்டுக் கோளாறுகள் அதிகரிப்பதையும், சிறிய இனங்களில் அந்தச் சிக்கல் பெரும்பாலும் இல்லாததையும் கண்டார்கள். ஆகவே லாப்ரடாருக்கும் பொமரேனியனுக்கும் ஒரே தேதி குறிக்க முடியாது. மருத்துவரிடம் பேச வேண்டும். இந்திய வீடுகளில் ஆண் நாய்க்குக் கருத்தடை என்றதும் முதலில் முகம் சுளிப்பவர் பெரும்பாலும் குடும்பத் தலைவர்தான் என்பதையும் மருத்துவர்கள் அறிவார்கள்.

இதோடு சேர்ந்த இன்னொரு சங்கடமும் உண்டு. ஆண் குட்டி உற்சாகமாகும்போது அதன் உறுப்பின் சிவந்த நுனி வெளியே தெரியும். அடிப்பகுதியில் இரு பக்கமும் உருண்டையாக வீங்குவதைக் கட்டி என்று நினைத்து அலறுபவர்களும் உண்டு. இரண்டும் இயற்கை, சில நிமிடங்களில் தானாக அடங்கும். அடங்காமல் வெளியிலேயே நின்று, வீங்கி, உலர்ந்து, நிறம் மாறினால் அது அவசரம். வெட்கத்தால் நாளைக்குப் பார்க்கலாம் என்று தள்ளிப்போட்டால் உறுப்பையே இழக்க நேரலாம். அதே போல, திடீரென்று அடிக்கடி தன்னையே நக்குவது, சொட்டுச் சொட்டாகச் சிறுநீர் கழிப்பது, சீழ் அல்லது ரத்தம் தெரிவது எல்லாம் கெட்ட பழக்கத்தின் கணக்கில் சேராது. அவற்றுக்குப் பரிசோதனை வேண்டும்.

மடியில் மூக்கை நுழைப்பதை விளக்குவது சுலபம். மனித உடலில் அக்குளிலும் தொடையிடுக்கிலும் இருக்கும் ஒருவகை வியர்வைச் சுரப்பிகள் தரும் வாசனை நாய்க்கு ஒரு விசிட்டிங் கார்டு. செயல்படும் மணமறியும் ஜீன்கள் மனிதருக்குச் சுமார் 400. நாய்க்கு அதைப் போல இரு மடங்கு. போதாததற்கு வாயின் மேலண்ணத்தில் இதற்கென்றே தனி உறுப்பு. அக்குள் எட்டாது, மடி எட்டும். அவ்வளவுதான் காரணம். விருந்தாளி வாசலில் செருப்பைக் கழற்றும்போதே கையை மடக்கிக் கீழே நீட்டி முகரக் கொடுத்தால் பாதிக் குட்டிகள் அதோடு திருப்தியடைந்துவிடும். விட்டுவிட்ட செருப்பு மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும். மாதவிலக்கு நாட்களில் இருக்கும் பெண்களை நாய் கூடுதலாக முகர்வது பல வீடுகளில் கண்கூடு. வந்திருப்பவர் கூனிக் குறுகும் முன் குட்டியை நகர்த்துவது வீட்டாரின் கடமை.

மாமியார் காலடியில் ஒன்றுக்குப் போன குட்டியின் கதைதான் பரிதாபமானது. ஏனென்றால் அது உண்மையில் மரியாதை செய்கிறது. காது பின்னால் படிய, உடம்பைத் தாழ்த்தி, பக்கவாட்டில் புரண்டு இரண்டு சொட்டு விடுவது நாய் மொழியில் ‘நான் சின்னவன், ஒன்றும் செய்யாதீர்கள்’ என்பது. காக்கர் ஸ்பேனியல், கோல்டன் ரெட்ரீவர் குட்டிகளிடம் இதை அதிகம் பார்க்கலாம். இது வீட்டுக்குள் அசுத்தம் செய்யும் பழக்கமே அல்ல. குட்டியின் கட்டுப்பாட்டில் இருப்பதும் அல்ல. இதற்குத் திட்டு வாங்கிய குட்டி அடுத்த முறை இன்னும் பணிந்து போகும். அதன் அகராதியில் பணிவு என்றால் இன்னும் நான்கு சொட்டு. வீட்டார் இன்னும் கோபப்படுவார்கள். ஆறு மாதம் இப்படி ஓடினால், அழைப்பு மணி அடித்ததும் கட்டிலுக்கு அடியில் ஒளியும் நாய் ஒன்று தயாராகிவிடும்.

மாற்றம் மனிதர் பக்கத்தில்தான் நடக்க வேண்டும். வீட்டுக்குள் நுழைந்ததும் நேராகக் குட்டியிடம் போகாமல் சில நிமிடம் அதைக் கண்டுகொள்ளாமல் இருப்பது நல்லது. பிறகு பக்கவாட்டில் குந்தி உட்கார்ந்து, கண்ணை உற்றுப் பார்க்காமல், உச்சந்தலைக்குமேல் கையைக் கொண்டுபோகாமல், தாடைக்கு அடியில் சொறிந்துகொடுக்க வேண்டும். குரல் தணிந்திருக்க வேண்டும். ‘யாரு வந்திருக்கா பாரு!’ என்ற உச்சஸ்தாயி கூடாது. வரவேற்பை வாசல் மொசைக்கிலேயே வைத்துக்கொண்டால் கம்பளம் பிழைக்கும். மிரட்டாமல் விட்டால் பெரும்பாலான குட்டிகள் சுமார் ஒரு வயதுக்குள் இதை விட்டுவிடுகின்றன. சுத்தம் செய்யும்போது ஒரு எச்சரிக்கை: அம்மோனியா கலந்த திரவங்கள் நாயின் மூக்குக்குச் சிறுநீரை நினைவூட்டுபவை. ஃபினாயில் வாசனை மனிதரைத்தான் ஏமாற்றும். செல்லப் பிராணிக் கடைகளில் என்ஸைம் கலந்த திரவம் கிடைக்கிறது. அது வாசனையின் மூலத்தையே சிதைக்கும்.

‘தப்புச் செய்தது அதற்கே தெரிகிறது, முகத்தைப் பாருங்கள்’ என்பது எல்லா வீட்டிலும் கேட்கும் வாதம். அடிக்குக் கிடைக்கும் நியாயமும் அதுதான். நியூயார்க்கின் பர்னார்ட் கல்லூரியைச் சேர்ந்த அலெக்ஸாண்ட்ரா ஹொரோவிட்ஸ் 2009-ல் வெளியிட்ட ஆய்வில் இதைச் சோதித்தார். தின்பண்டத்தைத் தொடக்கூடாது என்று நாயிடம் சொல்லிவிட்டு உரிமையாளர் அறையைவிட்டு வெளியேறுவார். திரும்பி வரும்போது நாய் தின்றுவிட்டதாகவோ தின்னவில்லை என்றோ அவரிடம் சொல்லப்படும். அது எப்போதும் உண்மையாக இருக்காது. முடிவு: குற்ற உணர்ச்சி என்று நாம் நினைக்கும் அந்தத் தாழ்ந்த பார்வை, தின்றதா இல்லையா என்பதைப் பொறுத்து வரவில்லை. உரிமையாளர் திட்டினாரா என்பதைப் பொறுத்தே வந்தது. தின்னாமலே திட்டு வாங்கிய நாய்களிடம்தான் அது இன்னும் தூக்கலாக இருந்தது. மாலையில் ஆபீஸிலிருந்து வந்து, காலையில் நனைந்த பாயைக் காட்டி அடிப்பவர் பார்ப்பது குற்றவாளியின் முகத்தை அல்ல, பயந்தவனின் முகத்தை.

உள்ளாடைத் திருட்டு நகைச்சுவையாகத் தொடங்கி ஆபரேஷன் தியேட்டரில் முடியலாம். வீட்டாரின் வாசனை அதிகம் தங்கும் துணி என்பதால்தான் குட்டிக்கு அதன்மேல் மோகம். பிடுங்கத் துரத்தினால் அது ஓட்டப்பந்தயமாகும், மூலையில் மடக்கினால் அவசரமாக விழுங்கும். விழுங்கிய சாக்ஸ் குடலை அடைத்துக்கொண்டு நாய்கள் அறுவை மேஜைக்கு வருவது மருத்துவர்களுக்குப் பழகிய காட்சி. துரத்தாமல் ஒரு பிஸ்கட் காட்டிப் பண்டமாற்று செய்துகொள்வது நல்லது. மூடியுள்ள அழுக்குக் கூடை வாங்குவது அதைவிட நல்லது. இந்த ஒரு விஷயத்தில் குட்டியைத் திருத்துவதைவிடக் குடும்பத்தைத் திருத்துவது மலிவு.

மலம் தின்பதைப் பற்றிச் சாப்பாட்டு நேரத்தில் படிக்க வேண்டாம். அதே ஹார்ட் குழுவினர் 2018-ல் வெளியிட்ட ஆய்வில் 16 சதவீத நாய்கள் இதை அடிக்கடி செய்வது தெரியவந்தது. பெரும்பாலும் இரண்டு நாளுக்குள்ளான மலத்தையே தின்றன. படுக்குமிடத்தைச் சுத்தமாக வைக்க ஓநாய் மூதாதையர், புழு முட்டைகள் தொற்றும் நிலையை எட்டும் முன்பே செய்த காரியத்தின் மிச்சம் இது என்பது அவர்கள் யூகம். நிறுத்துவதாகச் சொல்லி விற்கப்படும் பொடிகளும் மாத்திரைகளும் பலித்தது அதிகபட்சம் 2 சதவீதம்! உடனுக்குடன் அள்ளிவிடுவதைவிடச் சிறந்த மருந்து இல்லை. குடற்புழு மருந்து தவறாமல் கொடுக்கப்படுகிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். முகத்தை நக்க விடுவதைக் கொஞ்ச நாள் ஒத்திவைக்கலாம்.

தாயோடும் கூடப்பிறந்தவற்றோடும் இருக்கும் வாரங்களில்தான் குட்டி எல்லை என்றால் என்னவென்று கற்கிறது. அளவு மீறிக் கடித்தால் விளையாட்டு நிற்கும், கண்டபடி ஏறினால் தாய் உறுமும். 2017-ல் மத்திய அரசு கொண்டுவந்த நாய் வளர்ப்பு விதிகள் எட்டு வாரத்துக்குக் குறைந்த குட்டியை விற்கக்கூடாது என்கின்றன. ஆனால் உள்ளங்கையில் அடங்குகிற குட்டிக்குத்தான் விலை அதிகம் கிடைக்கிறது. முப்பது நாளில் பிரித்துக் கொண்டுவந்த குட்டிக்கு அந்தப் பள்ளிக்கூடத்தையும் வீட்டிலேயே நடத்த வேண்டியிருக்கும்.

பெண் குட்டி என்றால் ஆறு மாதத்திலிருந்து ஒரு வயதுக்குள், பெரிய இனங்களில் இன்னும் தாமதமாக, ஒரு நாள் தரையில் ரத்தத் துளிகள் தெரியும். ஆசாரமான வீடுகளில் அன்றைக்கே பேச்சு ஆரம்பிக்கும்: சமையலறைக்குள் விடலாமா, பூஜை அறைப் பக்கம் வரலாமா. இது பெண்களின் மாதவிலக்கு போன்றது அல்ல. அங்கே கருத்தரிக்காத மாதத்தின் முடிவில் ரத்தம் வருகிறது, இங்கே கருத்தரிக்கும் நாட்களுக்கு முன்னறிவிப்பாக. வருடத்துக்கு இரண்டு முறை வரலாம். ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய மூன்று வாரம். இதற்கென்றே விற்கும் துணி ஜட்டி கறையைத் தடுக்கும், ஆண் நாயைத் தடுக்காது. பாட்டியோடு தர்க்கம் செய்வதைவிட மூன்று வாரம் பூஜை அறைக் கதவைச் சாத்தி வைப்பது எளிது. சாத்த வேண்டிய இன்னொரு கதவு வாசல் கதவு. ரத்தம் வெளுக்கத் தொடங்கியதும் அபாயம் முடிந்தது என்று நினைப்பவர்கள் அதிகம். உண்மையில் கருத்தரிக்கும் நாட்கள் தொடங்குவது அப்போதுதான். தெருவின் ஆண் நாய்களுக்கு அது தெரியும். கேட்டுக்கு வெளியே அவை கூடியிருப்பதைப் பார்த்தே வீட்டார் தேதியைக் குறித்துக்கொள்ளலாம். அந்த நாட்களில் வெளியே கூட்டிப்போகும்போது கையில் கயிறு இல்லாமல் போகக்கூடாது. பால்காரருக்குக் கதவைத் திறக்கும் முன் குட்டி எந்த அறையில் இருக்கிறது என்று ஒருமுறை பார்த்துக்கொள்ள வேண்டும்.